செகண்ட்ஸ் கப்பும் மறுப்புக் கடிதமும்

சிறுதொழில் சங்கக் கூட்டத்தில் எங்கள் முதலாளி ராஜமாணிக்கம் பேசி முடித்ததும் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. நான் கைதட்டவில்லை. 'பத்திரிகைக்காரர்களை எதிர்கொள்வது எப்படி' என்ற அந்தப் பேச்சை டைப் அடித்தவன் நான். அதில் உருப்படியாக இருந்த ஒவ்வொரு வரியும் பேக்கிங் செக்‌ஷன் சிந்தாமணி சொன்னது.

சிந்தாமணிக்கு நல்லூர் பக்கம். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து வேலை செய்கிறாள். ஜாடியோ கப்போ, விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுவாள். கணீரென்றால் முதல் தரம். டொக்கென்றால் உள்ளே கீறல், செகண்ட்ஸ். கோபக்காரி. சூப்பர்வைசர் முதல் லாரி டிரைவர் வரை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் கிடையாது.

தொண்ணூற்று மூன்றில், பொங்கலுக்கு முந்தைய வாரம், வேப்பூர் வியாபாரி ஒருவரின் ஊறுகாய் ஜாடி ஆர்டர் அவசரமாகப் போக வேண்டியிருந்தது. அணைத்த சூளை இரண்டு நாள் ஆற வேண்டும். முதலாளி ஒரே நாளில் திறக்கச் சொன்னார். ஜாடிகளை அடுக்கியிருந்த தட்டு சரிந்து, சூளையில் சரக்கு இறக்கும் பாஞ்சாலையின் இரண்டு கையும் வெந்துபோனது.

அன்று சாயங்காலமே பிரேம்நாத் என்ற நிருபர் வந்தார். முதலாளி உள்ளே உட்கார்ந்துகொண்டே, மெட்ராஸ் போயிருப்பதாக வாட்ச்மேனைச் சொல்ல வைத்தார். வாசலில் நின்றவர்களிடம் கேட்டதை வைத்து பிரேம்நாத் எழுதினார். மறுநாள் பேப்பரில், 'சூளை வெடித்தது, இருவர் கதி என்ன?' சூளை வெடிக்கவேயில்லை. அதைச் சொல்லத்தான் ஆள் இல்லையே! ஊரே கேட்டில் கூடியது. வேப்பூர்க்காரர் ஆர்டரே வேண்டாமென்று போன் செய்துவிட்டார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு மறுப்புக் கடிதம் சொன்னார். கம்பெனியில் விபத்தே நடக்கவில்லை, பாஞ்சாலை தன் வீட்டில் ஸ்டவ் வெடித்துக் கையைச் சுட்டுக்கொண்டாள் என்று. நானும் அடித்தேன். வேலையில் பட்ட காயம் என்று இருந்தால்தான் அவளுக்கு நஷ்டஈடு என்பது தெரிந்தும் அடித்தேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

வருகிறவர்களுக்கு ஒரு டஜன் கப் கொடுத்து அனுப்புவது எங்கள் ஊர்க் கம்பெனிகளின் வழக்கம். ஓசிதானே என்று செகண்ட்ஸில் இருந்துதான் எடுப்பார்கள். நிருபருக்கும் அப்படி ஒரு பெட்டி கட்டி, கடிதத்தை வைக்கோலுக்குள் செருகச் சொல்லி சிந்தாமணியிடம் கொடுத்தனுப்பினார் முதலாளி. அவள் கடிதத்தைப் படித்துவிட்டுப் பெட்டியோடு நேராக அவர் அறைக்கே வந்தாள்.

"இன்னா மொதலாளி இது? பாஞ்சால வூட்டுல ஸ்டவ்வே இல்ல, வெறவு அடுப்புதான். அந்த நிருபரு ஒரு எட்டு போயி பாத்தா ஒங்க மானம் கப்பலேறிடும்."

"ஒன் வேலைய பாரு."

"என் வேலைதாங்க இது. கீறலு கப்ப ஓசில குடுத்து, கீறலு பேச்சையும் சேத்து அனுப்புறீங்க. டீ ஊத்துனா ரெண்டும் ஒழுவும்."

முதலாளி கத்த வாயெடுத்தார். அப்போதுதான் போன் வந்தது. பிரேம்நாத் ஆஸ்பத்திரிக்குப் பாஞ்சாலையைப் பார்க்கக் கிளம்பிவிட்டாராம். முதலாளிக்கு வேர்த்தது.

"இப்ப இன்னாதான் சொல்லச் சொல்ற?"

"நடந்தத சொல்லுங்க. ஊரு சொல்றதுக்கு முந்தி நீங்க சொல்லுங்க. ஒளியாதீங்க, நீங்களே போயி நில்லுங்க. ஆறாத சூளைய தொறக்க சொன்னது நான்தான்னு சொல்லுங்க. அவளுக்கு இன்னா செய்யப் போறீங்கன்னு சொல்லுங்க. அப்பறம் சொன்னத செய்யுங்க."

பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக அடித்தேன். சிகிச்சை கம்பெனிச் செலவு, பாஞ்சாலைக்குக் கடைசிவரை வேலை என்று முதலாளி பெயரிலேயே பேப்பரில் அச்சானது. வேப்பூர்க்காரர் திரும்பப் போன் செய்து, "உண்மைய ஒத்துக்கிட்டீங்களே, சரக்க அனுப்புங்க" என்றார். நஷ்டஈடு வந்தது. கை ஆறியதும் பாஞ்சாலை லேபிள் ஒட்ட வந்தாள்.

மூன்று வருஷம் ஓடியது. விரல் மடங்காதவள் மெதுவாக ஒட்டுகிறாள் என்று சொல்லி, தொண்ணூற்றாறில் முதலாளி அவளை நிறுத்திவிட்டார். சிந்தாமணி சண்டை போட்டாள், பலிக்கவில்லை. அதற்கு ஆறு மாதம் கழித்துத்தான் அந்தக் கூட்டம். 'சொன்னதைச் செய்ய வேண்டும்' என்ற வரியையும் நான் அடித்திருந்தேன். அவர் அதை மட்டும் சிவப்பு மையால் அடித்துவிட்டார். என்ன நெஞ்சழுத்தம்!

கூட்டத்துக்கு வரும் நாற்பது பேருக்கும் கப் பெட்டி கொடுக்கச் சொன்னார். முந்தின நாள் சிந்தாமணி என் மேஜைக்கு வந்தாள். அவள் கையில் பத்திரமாக மடித்த பழைய பேப்பர் துண்டு, முதலாளியின் அந்தக் கடிதம் அச்சானது.

"இத நாப்பது ஜெராக்ஸ் எடுத்துக் குடு, ஆனந்தராஜி. அடியில ஒரு வரி டைப் அடி. 'இந்தப் பாஞ்சாலைக்கு இப்போது இங்கே வேலை இல்லை.' அன்னிக்கி பொய்ய அடிச்சல்ல, இத அடி."

அடித்தேன். ஒவ்வொரு பெட்டியிலும் வைக்கோலுக்குள் ஒன்று போனது. கப்புகளை அவள் தட்டித் தட்டி முதல் தரமாகவே பொறுக்கி வைத்தாள். கூட்டத்துக்குப் பிரேம்நாத்தும் வந்திருந்தார். அவருக்கும் ஒரு பெட்டி.

மறுநாள் காலை போன் அடித்தது. முதலாளி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்து உறுமினார்.

"பிரேம்நாத்துய்யா. அந்தப் பொம்பள இப்ப வேலையில இருக்குதான்னு கேக்குறான். எவன் வேல இது? இப்ப இன்னா சொல்றது?"

"நடந்தத சொல்லுங்க. நேத்து நீங்க பேசுனதுல மொத வரியே அதாங்க."

அவர் என்னை அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். நிறுத்தியது நான்தான், இன்றைக்கே திரும்பக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, பாஞ்சாலையைக் கூட்டிவர ஜீப்பை அனுப்பினார்.

மத்தியானம் பாஞ்சாலை கேட்டுக்குள் வந்தாள். சிந்தாமணி ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள் என்று பார்த்தேன். அவளோ லேபிள் கட்டு ஒன்றை எடுத்துப் பாஞ்சாலையின் முன்னால் வைத்துவிட்டு முதலாளியின் அறை வரை கேட்கும்படி சொன்னாள்.

"ஒக்காரு. ஆறு மாசக் கூலியையும் கேட்டு வாங்கணும், சாயங்காலம் ரெண்டு பேரும் உள்ள போவலாம்."