அண்ணன் கேட்ட சுடுகாட்டுப் பாதை

நாடாளுமன்றத்தில் அமைச்சர் தரும் உறுதிமொழியை மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. எங்கள் அண்ணன் கேட்டுப் பெற்ற உறுதிமொழி ஒன்று அவரைவிட அதிக நாள் காத்திருந்தது.

அண்ணன் ஒரு சிறு சமஸ்தானத்தின் இளவரசராகப் பிறந்தவர். பட்டமும் மானியமும் ஒழிந்த பிறகு நான் தட்டச்சுத் தேர்வு எழுதி நெய்வேலிக்கு வந்தேன்; அவர் இந்தத் தொகுதியில் நின்று டெல்லிக்குப் போனார். எங்களில் யார் பிழைக்கத் தெரிந்தவர் என்பதில் அம்மாவுக்குக் கடைசிவரை ஐயம் இருந்தது.

சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து இடம்பெயர்ந்தவர்களின் குடியிருப்பு ஒன்றில் சுடுகாட்டுக்கு வழியில்லை. இடையில் முள் மண்டிய புறம்போக்கு. பிணத்தைத் தார்ச்சாலை வழியே சுற்றித் தூக்கினார்கள். பார்க்கப் போன அண்ணனின் காதுபடவே அங்கிருந்த அஞ்சலையம்மாள் சொன்னார்: “ராஜா வூட்டு ஆளு சுடுகாட்டுக்கு எதுக்கு வராரு? எதுனா எழுதிகினு போவாரு, அப்புறம் அதுவும் நம்மளுது இல்லன்னுடுவாங்க.”

“எங்க அரண்மனையையே எழுதி வாங்கிட்டாங்கம்மா. எனக்கு எடுக்கத் தெரியாது, கொடுத்துத்தான் பழக்கம்” என்றார் அண்ணன்.

அவையில் கேட்டார். ‘ஆவன செய்யப்படும்’ என்று பதில் வந்தது. அடுத்த தேர்தலில் தோற்று என் வீட்டோடு வந்துவிட்டார். மாதம் தவறாமல் நினைவூட்டுக் கடிதம் எழுதினார். மீண்டும் வாக்குக் கேட்க அடி போடுகிறார் என்றே நான் நினைத்தேன். அவரோ அதன்பின் வேட்புமனுவே தாக்கல் செய்யவில்லை.

சிறுநீரகம் பழுதாகிப் படுத்திருந்தபோது சொன்னார்: “தம்பி, என்னை அந்த வழியாத்தான் தூக்கணும்.”

“வழியே இல்லையேண்ணா?”

“அதுக்குத்தான்.”

இறந்த பிறகும் அரசியலா என்று அப்போதும் சந்தேகப்பட்டேன். அதற்காக இங்கே மன்னிப்புக் கேட்கிறேன்.

அவர் மறைந்த அன்று காலையிலேயே அஞ்சலையம்மாளும் அவர் ஊராரும் அரிவாளோடு இறங்கி, பாடை போகும் அகலத்துக்கு முள்ளை வெட்டிக் கொடுத்தார்கள். அவர்களுக்கும், கடைசி மாதங்களில் உடனிருந்த செவிலியருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பிறகு அண்ணனின் கடிதங்களுக்கு அமைச்சகத்தின் பதில் வந்தது: ‘கள ஆய்வின்படி மேற்படி பாதை பயன்பாட்டில் உள்ளது. உறுதிமொழி நிறைவேற்றப்பட்டது.’ ஆய்வு நடந்தது அண்ணனைத் தூக்கிச் சென்றதற்கு மறுநாள்.

நான் மறுப்பு எழுத உட்கார்ந்தேன். காரியத்துக்கு வந்திருந்த அஞ்சலையம்மாள் தடுத்தார்: “வழி இருக்குன்னு அவங்களே எழுதிட்டாங்க இல்ல? சும்மா இருங்க சார். அந்தக் காயிதத்த எங்கிட்ட குடுங்க. இனிமே எவன் வந்து அடைக்கிறான்னு பாக்குறேன்.”

கொடுத்துவிட்டேன். நகல் என்னிடம் இருக்கிறது. வரப்பெற்ற நாள்: அண்ணனின் பதினாறாம் நாள்.