ராஜகுமாரியின் காலடி நிழல்

ஆம்பூர் டெண்டுக் கொட்டகையில் இரண்டு நாள் என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தவர் அவர். பேர் கேட்டுக்கொள்ளவில்லை. தோல் மண்டியில் ஈரத் தோலைக் காயப்போடும் வேலை என்றார். கறுத்த பிடரி, சட்டையில் தோல் பதனிடும் ஆவாரம்பட்டையின் வாசனை. கூடாரத்துக்குள்ளேயும் அடிக்கடி நெற்றியில் கைவைத்து அண்ணாந்து பார்ப்பார். காயும் தோலில் மழை பட்டால் கெட்டுவிடும் என்று நாளெல்லாம் மேகம் பார்த்துப் பழகிய கழுத்து.

படத்தில் ராஜகுமாரி ஆற்றங்கரையில் நின்று பாடினாள். அவளைக் கொல்ல ஒருவன் கத்தியோடு பின்னால் வந்தான். கொட்டகையே மூச்சடக்கி இருந்தது. இவரோ என் தொடையைப் பிடித்து அழுத்தினார்.

“சார், அவ காலாண்ட நிழலைப் பாருங்க. நீண்டுக்கினே போவுது. பாட்டு முடியறதுக்குள்ள வெயில் போய்டும். படம் புடிக்கிறவன் இன்னா பண்ணுவான்?”

எனக்கு எரிச்சல் வந்தது. கத்தியைப் பார்க்க விடாமல் நிழலைப் பார்க்க வைத்துவிட்டாரே! ஆனால் அவள் கடைசி அடியைப் பாடியபோது, சரிந்த வெயில் கன்னத்தில் மட்டும் மிச்சம் இருந்தது. அந்தக் கணத்துக்காக எவனோ காத்திருந்து படம் பிடித்திருக்கிறான்.

மறுநாளும் அதே படம். அதே இடம் வந்ததும் அவர் மறுபடி என் தொடையைப் பிடித்து அழுத்தினார்.

“நேத்தே பார்த்தோமே, பாட்டு நல்லாத்தானே முடிஞ்சுது?” என்றேன்.

“நமக்குத் தெரியும் சார். படம் புடிச்சவனுக்கு அப்போ தெரியாதே!”

அப்புறம் அவரை நான் பார்க்கவில்லை. இரண்டு முறை பார்த்த படம்தான். கத்திக்காரன் அவளைக் குத்தினானா என்று கேட்டால், எனக்கு நினைவில்லை.