ஐந்தாவது சன்னல்

மனித உரிமை ஆணையத்தில் கள விசாரணைக்குப் போகும் அந்த அம்மாவுக்கு அலுவலகம் வைத்த பெயர் ‘மோப்பம்’. அவருக்குச் சளி பிடித்தால் விசாரணையே நின்றுபோகும் என்று கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். குடும்பம் என்று சொல்லிக்கொள்ளத் தங்கை ஒருத்திதான். அவள் வீட்டு மாடியில்தான் ஒற்றை அறை வாசம். அக்காவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று தங்கை ஊரெல்லாம் பீற்றிக்கொள்வாள். அக்கா அந்த நூல் ஆலைக்குப் போகும்வரை அது உண்மையாகத்தான் இருந்தது.

புகார் கொடுத்தவள் அங்கே கழிவறை கழுவும் பெண். பிறப்பைச் சொல்லித் துப்புரவுப் பெண்களை மட்டும் தனி அறையில் சாப்பிட வைக்கிறார்கள், குழாயும் குவளையும்கூடத் தனி என்பது புகார்.

மேலாளர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். “தனி அறையா? அப்படி ஒண்ணு இங்க கிடையாதே மேடம். யாரை வேணும்னாலும் கேளுங்க.”

கேட்டார். இயந்திரம் ஓட்டுகிறவர் சொன்னார்: “அப்படி ஒண்ணு இங்க கிடையாதே.” கணக்கரும் காவலாளியும் அதையேதான் சொன்னார்கள். அதே சொற்கள், அதே இழுப்பு. ஒருவர் கண்ணும் இமைக்கவில்லை. அம்மா அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை.

புகார் கொடுத்தவளை அழைத்துக்கொண்டு நடைவழியின் கோடிக்குப் போனார். அங்கே வெள்ளைச் சுவர்தான் இருந்தது. அவள் அதைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

“இங்கதாம்மா கதவு இருந்துச்சு. பத்து வருஷம் இதுக்குள்ளதான் சாப்பிட்டேன்.” அவள் குரல் இறங்கியது. “எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகமா இருக்கு. இருந்துச்சாம்மா, இல்லையா?”

சுவரில் ஈரச் சுண்ணாம்பு வாடை அடித்தது. அம்மா வெளியே போய்க் கட்டடத்தைச் சுற்றினார். உள்ளே நடைவழியில் நான்கு சன்னல்கள், வெளியே ஐந்து. ஐந்தாவதை உள்பக்கமிருந்து பலகை வைத்து அடைத்திருந்தார்கள். இடுக்கில் கண்ணை வைத்தார். இருட்டு. எங்கோ குழாய் சொட்டும் சத்தம். இருட்டு பழகியதும் ஆணிகளில் தொங்கிய குவளைகள் தெரிந்தன. பெஞ்சின் மேல் சாப்பாட்டு டப்பா ஒன்று, பாதி சாப்பிட்டபடி, திறந்தே கிடந்தது.

ஆணையம் சுவரை இடிக்க வைத்தது. எல்லாரும் ஒரே கூடத்தில்தான் சாப்பிட வேண்டும், புகார் கொடுத்தவளின் வேலைமேல் யாரும் கைவைக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டது. மேலாளரை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள்.

சில மாதம் கழித்து அம்மா மறுபடி பார்க்கப் போனார். கூடத்தில் எல்லாரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். காவலாளி ஓடி வந்தார். “அந்த அறையை நாங்கதானே மேடம் உங்களுக்குக் காட்டினோம்!”

கணக்கரும் திரும்பினார். “நாங்கதானே காட்டினோம்!” இயந்திரக்காரரும் அதையே சொன்னார். அதே இழுப்பு. இமைக்காத அதே கண்கள்.

புகார் கொடுத்தவள் சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்தாள். “நல்லாத்தாம்மா நடத்துறாங்க. நடந்ததைத்தான் நான் ஒருத்தியா ஞாபகம் வெச்சுக்க வேண்டியிருக்கு.”

“நானும் இருக்கேன்,” என்று அம்மா அவள் கையைப் பிடித்தார். இருவர் கையும் ஜில்லென்றிருந்தது.

அன்று மாலை அவர் நேராக மாடிக்குப் போகவில்லை. தங்கையை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார்.

“எங்க, திருப்பிச் சொல்லு.”

“என்னக்கா, பரீட்சையா?”

“சொல்லுடி.”

அக்காவின் முகத்தைப் பார்த்ததும் தங்கையின் சிரிப்பு அடங்கியது. சுவரிலிருந்து தொடங்கி ஒன்று விடாமல் சொன்னாள். அதன் பிறகுதான் அக்கா மாடியேறினார்.