கேட்பதற்குமுன் குடித்த காப்பி

கரக் ஊரில் அபூ காலிபைத் தெரியாதவர் கிடையாது. மினிபஸ் ஓட்டுகிறார் என்பதால் அல்ல. மொட்டை மாடி முழுக்கக் காலி நெய்த் தகரங்களை அடுக்கி வைத்துக்கொண்டு, கோடை முழுவதும் அவற்றுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டாத பைத்தியம் என்பதால்! தகரங்களில் இருப்பது சவ்சன், அதாவது காட்டு ஐரிஸ் பூச்செடி. கோடையில் இலையெல்லாம் காய்ந்து செத்த மாதிரி கிடக்கும். சாகவில்லை, தூங்குகிறது. அப்போது தண்ணீர் ஊற்றினால் கிழங்கு அழுகிக் கூழாகிவிடும். ஒரு கோடையில் அவர் மனைவி உம்மு காலிப் இரக்கப்பட்டு ஒரு வாளி ஊற்றிவிட்டாள். அன்றிலிருந்து மாடிச் சாவி அவர் இடுப்பில்தான்.

எட்டு வருஷத்துக்கு முன் அவர் ஒரு காரியம் செய்தார். தன் கறுப்புச் சவ்சனுக்கு, அஜ்லூன் மலையிலிருந்து வந்த வெளிறிய புள்ளிச் சவ்சனின் மகரந்தத்தைத் தடவினார். காய் வெடித்ததும், விதையின் தலையில் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையை நகத்தால் கிள்ளிவிட்டு விதைத்தார். பல காலம் மண்ணுக்குள் மௌன விரதம். முளைத்தது ஒன்றே ஒன்று. அந்த மகாராணி இந்த ஏப்ரலில்தான் மொட்டு விட்டாள். என்ன நிறத்தில் பூக்கும் என்று படைத்தவனுக்குத்தான் வெளிச்சம்.

மொட்டு விரிகிற நாளும், தம்பி மகன் மாஹிருக்குப் பெண் கேட்டு மாதபா ஊருக்குப் போகிற நாளும் ஒன்றாக வந்து தொலைந்தன. தம்பி உயிரோடு இல்லை. பெரியப்பாதான் பேசியாக வேண்டும்.

"போய்ட்டு வாங்க. பூ எங்கயும் ஓடிடாது" என்றாள் உம்மு காலிப்.

"ஓடாதுடி, விரிஞ்சிடும். எட்டு வருஷம் காத்திருந்துட்டு, விரியறப்போ நான் இல்லன்னா?"

"நான் மூணு பெத்தேன். ஒண்ணுக்காவது இப்படித் தவிச்சீங்களா?"

அவர் மாடிக்கு ஏறினார். தகரத்தைத் துண்டில் சுற்றி, மினிபஸ்ஸின் முன் இருக்கையில், ஊர்ப் பெரியவர் உட்கார வேண்டிய இடத்தில் வைத்தார். பெரியவர் பின்னால் போய் உட்கார்ந்து வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தார்.

பெண்ணின் அப்பா அபூ நாயிஃப், வண்ணக் கல் துண்டுகளைப் பதித்துப் படம் செய்யும் மொசைக் பட்டறைக்காரர். மீசைக்கும் கோபத்துக்கும் பேர் போனவர். எல்லோரும் உட்கார்ந்தார்கள். தகரம் ஜன்னலோரம் உட்கார்ந்தது. காப்பி வந்தது. பெண் கேட்க வந்தவர் கோப்பையை வாங்கிக் குடிக்காமல் கீழே வைக்க வேண்டும். 'தந்தேன், குடியுங்கள்' என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் தொட வேண்டும். பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் இது.

அபூ காலிப் கோப்பையை வாங்கினார். அதே நேரம் வெயில் ஜன்னலுக்குள் வந்தது. மொட்டின் பச்சை உறை நெகிழ்ந்தது. ஓர் இதழ் மெல்ல மடிந்து இறங்கியது. சாம்பல் கலந்த ஊதா, உடம்பெல்லாம் கருநரம்பு, அடியில் கறுப்பு வெல்வெட் துணியில் வெட்டி வைத்த மாதிரி ஒரு பொட்டு. வைத்த கண் வாங்காமல் பார்த்தவர், கையிலிருந்த காப்பியை ஒரே மடக்காகக் குடித்துவிட்டார்!

மாஹிர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"காப்பிய குடிச்சிட்டீங்க. அப்போ கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல போல" என்றார் அபூ நாயிஃப். மீசை துடித்தது. "வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம்."

"அல்லா மேல ஆணை, நான் குடிக்கலைங்க! அந்தப் பூ குடிக்க வச்சிடுச்சு!"

உள்ளேயிருந்து பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அபூ நாயிஃப் முறைத்துக்கொண்டே எழுந்து ஜன்னலுக்குப் போனார். குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.

"வாழ்நாள் பூரா கல்லுல நிறம் பொறுக்கறவன் நான்" என்றார் கடைசியில். "இந்த நிறத்துல என்கிட்ட ஒரு கல்லு கூட இல்லையே!"

திரும்பி வந்தவர் தனக்கும் ஒரு கோப்பை ஊற்றச் சொல்லி, அதைக் குடிக்காமல் தரையில் வைத்தார்.

"பொண்ணத் தந்தேன். இப்போ நான் கேக்கறேன். அந்தத் தகரம் எனக்கு வேணும். சரின்னு சொல்ற வரைக்கும் இதத் தொடமாட்டேன்."

அபூ காலிப் ஜன்னலைப் பார்த்தார். அவர் இன்னும் அந்தப் பூவை முழுசாகக் கூடப் பார்க்கவில்லை. மாஹிரைப் பார்த்தார். பையன் முகத்தில் செத்துப் போன தம்பி அப்படியே இருந்தான்.

"குடிங்க சம்பந்தி. அது உங்களுக்குத்தான்" என்றார். "ஆனா கோடையில தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க. செத்த மாதிரி கிடக்கும், நம்பிடாதீங்க!" அதற்குள் உள்ளே குலவை கிளம்பிவிட்டது. அவர் சொன்னது யார் காதிலும் விழுந்த மாதிரி தெரியவில்லை.

திரும்பும்போது ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று மற்றவர்கள் மெச்சினார்கள். வீட்டில் உம்மு காலிப், "பூ எங்கே?" என்று கேட்டாள். சொன்னார். அவள் அன்று ஒரு வார்த்தை கிண்டல் பண்ணவில்லை, தேநீர் போட்டுக் கொடுத்தாள்.

கோடை வந்தது. மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்யாணப் பேச்சைச் சாக்காக வைத்துப் போன் போடுவார். "சம்பந்தி, அங்க மழ கிழ பெய்யுதா?"

"ஜூலை மாசத்துல மழையா? உடம்புக்கு நல்லாத்தானே இருக்கீங்க?"

கொடுத்த பொருளைப் பற்றி விசாரிப்பது மரியாதை இல்லையே! போனை வைத்துவிடுவார்.

ஆகஸ்டில் கல்யாணம். கரக்கில் கார் வந்து நின்றது. மணப்பெண் ஷதா வெள்ளை உடுப்பில் இறங்கினாள். கையில் பூச்செண்டு இல்லை, நெய்த் தகரம். மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. இலை வைக்கோலாகிக் கிடந்தது.

"கதவுக்குப் பின்னால நின்னுட்டிருந்தேன் மாமா, நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு" என்றாள் ஷதா. "அப்பா தினமும் சொம்போட வருவாரு, 'பாவம், தாகத்துல சாகுதும்மா'ன்னு. என் ரூம்ல வச்சுப் பூட்டிட்டேன். நேத்து அவர் முன்னாடி காப்பியக் குடிக்காம வச்சேன். தகரத்த எனக்கே குடுத்துட்டாரு."

அபூ காலிப் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். கிழங்கு கெட்டியாக, உயிரோடு இருந்தது. நடுத்தெருவில் நின்று ஓவென்று அழுதார்.

"பொண்ணே அழல, இவரு அழறாரு!" என்றாள் உம்மு காலிப்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்த மாடிச் சாவியை அவிழ்த்து ஷதாவின் கையில் வைத்தார்.

"அடப் பாவி மனுஷா! இருபது வருஷமா எனக்குத் தராத சாவி!"