விழுகிற தேங்காய்

பண்ணைப்புரத்து முனீஸ்வரிக்குக் காற்று என்றாலே பயம். பக்கத்துத் தோப்புச் சுருளிராஜனின் தென்னை ஒன்று வேலி தாண்டிச் சாய்ந்து, அவளுடைய தகர வீட்டுக்கு நேர் மேலே குலைகுலையாய்க் காய்த்திருந்தது. ஆடிக்காற்று அடித்தால் தொட்டில் பிள்ளையை மடியில் போட்டு, அதன் மேல் கவிழ்ந்தே உட்கார்ந்திருப்பாள். மரத்தை வெட்டச் சொல்ல அந்த ஆளிடம் வாய் வராது. விழுந்த காயைக்கூட வைத்துக்கொள்ளப் பயந்து வேலிக்கு அந்தப் பக்கம் போட்டுவிடுவாள்.

அப்படிப்பட்டவள் வாசலில் ஒருநாள் கார் வந்து நின்றது. தேனியில் சட்டப் பாடம் நடத்தும் ஷெரின், ஒரு ஜெர்மன்காரரையும் ஒரு ஜப்பான்காரரையும் மரத்தடிக்குக் கூட்டிவந்தாள். சத்தம் கேட்டுச் சுருளிராஜனும் வந்து வேலியோரம் நின்றார். முனீஸ்வரி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீக அக்கா," என்றாள் ஷெரின். "ரெண்டு பேரும் சட்டம் படிச்ச பெரியாளுக. ஜெர்மனில காய் விழுந்த எடத்துக்காரருக்குத்தான் சொந்தமாம். ஜப்பான்ல மரத்துக்காரருக்காம். எது நியாயம்னு கார்ல ஏறுனதுலருந்து ஒரே வாதம். இங்கன எப்படின்னு கேக்குறாக."

சுருளிராஜன் கனைத்தார். மேலே மட்டை உரசியது. அந்தச் சத்தத்தில் முனீஸ்வரிக்கு அவர்மேல் இருந்த பயத்தை அதைவிடப் பெரிய பயம் முந்திக்கொண்டது.

"காய் யாருக்கோ போகட்டும் டீச்சர். கீழ கெடக்குற எம்புள்ள தலைக்கு யாரு பொறுப்புன்னு கேட்டுச் சொல்லுங்க."

ஷெரின் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். அதுவரை ஒத்துப்போகாதவர்கள் ஒன்றாகப் பின்னால் நகர்ந்தார்கள். சுருளிராஜனும் நகர்ந்தார்.

முனீஸ்வரி நகரவில்லை. அவள் வீடு அங்கேதான் இருந்தது.