உசாந்தியின் வளவு

ஒன்பது வருடத்தில் உசாந்தி பதினோரு தடவை அடி தாங்காமல் வீட்டை விட்டு ஓடினாள். அடித்த புருசன் சுதாகரன் ஒரு தடவையும் ஓடவில்லை. அந்த வீடோ அவளுடையது. அவளை ஓடச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

வாவிக்கு மேற்கே இருக்கும் எங்கள் படுவான்கரையில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணத்தோடு காணி உறுதிப் பத்திரத்தை அவள் பெயரில் எழுதிவிட்டு, பெற்றவர்கள் வளவு மூலையில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். சுதாகரனும் ஒரு சைக்கிளும் பயணப் பையுமாகத்தான் வந்தான். மூன்றாம் மாதமே அடி விழுந்தது. சோறு குழைந்துவிட்டதாம்.

தாய் சிவமணி இருந்தவரைக்கும் உசாந்தி அந்தக் குடிசைக்கு ஓடுவாள். தாய் கண்மூடிய பிறகு என் வேலியைத் தாண்டி வருவாள். நான் மாதர் சங்கச் செயலாளர், கூட்டங்களில் பெண்ணுரிமை பற்றித் தொண்டை வற்றப் பேசுகிறவள். வேலி தாண்டி வந்தவளுக்குத் தேத்தண்ணி கொடுத்து, "ரெண்டு நாள் இங்க இரு புள்ள. அவர் ஆறினத்துக்கு மறுகா போகலாம்" என்பேன். அதைவிட வெட்கங்கெட்ட புத்திமதி இருக்க முடியாது.

போன வருடம் வயலில் வேளாண்மை வெட்டு முடிந்த வாரம், அவன் உலக்கையால் அடித்ததில் அவளுடைய இடது மணிக்கட்டு முறிந்தது. அன்றைக்கு அவள் என் வேலிப் பக்கம் வரவில்லை. நேரே துறைக்குப் போய், ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் வாவிக்கு அக்கரை கொண்டுபோகும் ‘பாதை’ என்ற மிதவையில் ஏறிவிட்டாள். கேள்விப்பட்டு நானும் ஓடிப்போய் ஏறினேன். பாதையில் நின்ற எல்லோரும் அவளுடைய கையைப் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்ன நடந்ததென்று கேட்டார். முந்திய தடவைகளில் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்வாள். அந்தக் கிணற்றடியில் பாசி பிடித்து நான் கண்டதேயில்லை. இந்த முறை அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"விழல்ல டொக்டர். எண்ட புருசன் உலக்கையால அடிச்சது. அப்பிடியே எழுதுங்க."

அவர் அப்படியே எழுதினார். பிறகு பெண்களுக்கு உதவும் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே பஹீமா என்ற உத்தியோகத்தர் கதவைச் சாத்திவிட்டு, அவளுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938 என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார்.

"நீங்க வீட்ட விட்டுப் போகத் தேவையில்ல தங்கச்சி. அவர் வீட்டுக்குள்ள வரக்கூடாதெண்டு நீதவான்கிட்ட பாதுகாப்புக் கட்டளை கேக்கலாம். லோயர் வைக்க வசதியில்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழு இரிக்கி."

"வீடு எண்ட பேரிலதான் இரிக்கி" என்றாள் உசாந்தி.

"அவர்ர பேரில இருந்தாலும் கேக்கலாம்."

உசாந்தி அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தாள். "இத ஒருத்தரும் எனக்குச் சொல்லல்லையே" என்றவள், என் பக்கம் திரும்பினாள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாவுக்கட்டோடு பொலிசுக்குப் போனோம். அங்கிருந்த சார்ஜன்ட் நல்லவர்போலச் சிரித்து, குடும்பமென்றால் இப்படித்தான் என்று சொல்லி, சமாதானக் கடதாசியை நீட்டினார். இனி அடிக்க மாட்டேன் என்று அவனும், சேர்ந்து வாழ்கிறேன் என்று இவளும் ஒப்பம் வைக்கிற கடதாசி. அப்படி மூன்று கடதாசிக்கு ஏற்கெனவே ஒப்பம் வைத்தவள்தான் உசாந்தி.

"வலது கை நல்லாத்தான் இரிக்கி சேர்" என்றாள். "ஆனா இதுக்கு ஒப்பம் வைக்காது. முறைப்பாட்ட எழுதுங்க. பிரதி ஒண்டும் தாங்க."

சார்ஜன்டின் சிரிப்பு போய்விட்டது. பிறகு வரச் சொன்னார். நாங்கள் உட்கார்ந்திருந்த மர வாங்கை விட்டு எழும்பவில்லை. மத்தியானச் சாப்பாடும் அந்த வாங்கிலேயே நடந்தது. பின்னேரம் மூன்று மணிக்குப் பிரதி கைக்கு வந்தது.

அடுத்த கிழமை நீதவான் இடைக்காலக் கட்டளை கொடுத்தார். விசாரணை முடிந்ததும் அது ஒரு வருடத்துக்கு நீண்டது. சுதாகரன் அந்த வளவுக்குள் கால் வைக்கக்கூடாது. வந்த சைக்கிளிலேயே, வந்த பையைக் கட்டிக்கொண்டு போனான். ஊர் கூடி நின்று அவனுக்காக இரக்கப்பட்டது. அவளுடைய கை முறிந்தபோது வராத இரக்கம் அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோயில் கொடியேற்றத்துக்கு முந்திய கிழமை, வண்ணக்கர் பாலசுந்தரம் உசாந்தியின் கேற்றடிக்கு வந்தார். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற பெரிய மனிதர், யாரும் எதிர்த்துப் பேசாதவர். நானும் உசாந்தியும் முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தோம்.

"புள்ள, அவன் பாவம். தாய் வீடு தங்கச்சிக்காரிக்குச் சீதனமாப் போயிட்டு. அங்க அவனுக்கு இடமில்ல. ஒரு ஆம்பிள எங்க போவான்?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. வீடில்லாதவன் அவன் என்பது ஊருக்குத் தெரியும். தெரிந்துதான் ஒன்பது வருடமும் வீடுள்ளவளை ஓடவிட்டோம்.

உசாந்தி கையிலிருந்த நெல்லைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"போக இடமில்லாத மனுசன், இருந்த இடத்தில ஒழுங்கா இருந்திருக்கோணும் மாமா."

பாலசுந்தரம் என் பக்கம் திரும்பினார். "நீயாவது எடுத்துச் சொல்லு தங்கச்சி. நீ சொன்னாக் கேப்பாள்."

"ஒம்பது வருசம் நான் சொன்னத்தக் கேட்டுத்தான் அண்ணன் அவள்ர கை முறிஞ்சது" என்றேன்.

அவர் இன்னும் நின்றார். நான் போய்க் கேற்றைச் சாத்தினேன்.