கோபத்தில் தேய்த்த மேசை

பட்டறையில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர், பட்டறை முதலாளியான அவளுடைய சொந்த அண்ணன் வாயிலேயே வந்து பல காலமாகிறது.

வார்னிஷ் காய்ந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் மேசைமீது விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். தூசி விழுந்து கடுகு கடுகாகப் புடைத்திருக்கும். பிரஷ் போன தடம் வரிவரியாக நிற்கும். அதையெல்லாம் சமப்படுத்துவது பட்டாசின் வேலை. வாட்டர் பேப்பர் என்னும் உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக் கட்டையில் சுற்றி, மரத்தின் ரேகை ஓடும் பக்கமே தேய்ப்பாள். பிறகு கம்பளித் துணியில் எண்ணெயும் மாவாக அரைத்த கல்பொடியும். கண்ணைக் குத்தும் மினுக்கம் அடங்கி, தொட்டால் பட்டுப்போல் வழுக்கும். ஓரத்துக்கு வந்தால் மட்டும் கை தானாக லேசாகிவிடும். அங்கே வார்னிஷ் வழிந்து மெலிந்திருக்கும். அழுத்தினால் மரம் பல்லிளிக்கும்.

அன்று காலை ஒரு பெரிய சாப்பாட்டு மேசை. தொடங்கும்போதே அண்ணன் பக்கத்தில் வந்து நின்றான்.

"உன் பொண்ணு நேத்து போன் பண்ணினா. எங்க வீட்ல வந்து இருந்துக்கட்டுமான்னு கேக்கறா."

"ஏனாம்?"

"உன் வாய்க்குப் பயந்துதான். எனக்கென்னம்மா, கேட்டதைச் சொன்னேன்."

அவ்வளவுதான். கட்டை மேசைமீது பறந்தது. சோப்பு நுரை சேலையெல்லாம் தெறித்தது. யாருக்காக இந்தத் தோள்பட்டை தேய்கிறது? விடுதியில் தங்கிப் படிக்கிறவளுக்கு அம்மா வேண்டாமாம், மாமா வேண்டுமாம்! மதியத்துக்குள் மேசையில் பாதி முடிந்திருந்தது. ஈரக் கையோடு மகளைப் போனில் கூப்பிட்டு, ஒரு வார்த்தை பேசவிடாமல் பொரிந்து தள்ளினாள்.

"அம்மா, நான் மாமாகிட்ட பேசியே ரொம்ப நாளாச்சு," என்று அழுதுகொண்டே வைத்துவிட்டாள் மகள்.

பட்டாசு கட்டையைக் கையில் பிடித்தபடியே முன்கூடத்துக்கு நடந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணன் தச்சரிடம் சிரித்துக்கொண்டிருந்தான்.

"சாயங்காலம் மேசையை ஏத்த வண்டி வந்துரும். சும்மா விட்டா அவ நாளைக்கு வரைக்கும் தேய்ப்பா. அதான் பொண்ணை வச்சு ஒரு கொளுத்து கொளுத்தினேன்."

"போன தடவை பக்கத்து வீட்டுக்காரி, இல்ல?"

"அது அலமாரிக்கு. கட்டிலுக்கு இவளோட புருஷன்."

கதவுக்கு வெளியே அவள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் இன்றுவரை பேச்சு கிடையாது. கட்டில் தேய்த்த வாரம் கணவனுக்குச் சோறு போட்டதும் கிடையாது. எல்லாம் இதற்காகத்தானா?

உள்ளே வந்து கட்டையை அண்ணன் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள்.

"மீதியை நீயே தேய்ச்சுக்கோ அண்ணா."

"ஏய், வண்டி வந்துரும்! பாதி பளபளன்னு, பாதி மங்கலா... இதை எப்படிக் கொடுக்கறது?"

"கோவம்தானே தேய்க்குது? உனக்குந்தான் இப்ப நிறைய வருமே!"

தச்சர் அவசரமாக ஒரு ஆணியைத் தேடிக் குனிந்தார்.

"திமிரு! அண்ணன்னு மரியாதை இல்ல. போ, நீ இல்லாட்டி பட்டறை நின்னுருமா?" அண்ணன் முழங்கை வரை சட்டைக் கையைச் சுருட்டினான். மேசைக்குப் போய், முகம் சிவக்க, உடம்பையே கட்டைமீது சாய்த்துத் தேய்க்கத் தொடங்கினான்.

பட்டாசு தெருவுக்கு வந்து மகளை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. பொய் அவனுடையது, ஆனால் மகளைக் கேட்ட கேள்வியெல்லாம் இந்த வாய் கேட்டது. அந்த நினைப்பில் கோபம் இன்னும் ஏறியது. இந்த முறை அது யார்மீது என்று அவளுக்கே பிடிபடவில்லை. மறுபடி அழைத்தாள்.

உள்ளேயிருந்து தச்சரின் குரல்: "ஐயோ, ஓரம் போச்சு! வெள்ளையா மரம் தெரியுது!"

"கூப்பிடுய்யா அவள!"

அவள் திரும்பவில்லை. போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் கரகரத்த குரல் வந்தது.

"இன்னும் என்னம்மா மிச்சம்?"

"திட்டக் கூப்பிடலடி. வச்சுடாத. இன்னைக்கு நீ திட்டு, நான் கேக்கறேன்."